மொச்சையின் உள்தோல்

இதை நான் தப்பாகத்தான் சொல்லப்போகிறேன் என்று பயமாக இருக்கிறது, ஏனென்றால் ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்தித் தறிப்பட்டறையில் தார்க்கட்டைக்கு நூல் சுற்ற உட்காரவைத்துவிட்டார்கள், எதை முதலில் சொல்வது எதைப் பின்னால் சொல்வது என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, வெளித்தோல் என்று சொல்லவேண்டிய இடத்தில் உள்தோல் என்று சொல்லிவிட்டால் எஸ்தர் டீச்சர் தெருவில் நிறுத்தித் திருத்துவார், சங்கத் தலைவரை ஒரு சொல் குறைத்துச் சொல்லிவிட்டால் ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள், இதையெல்லாம் நினைத்தால் எனக்குக் கையும் ஓடுவதில்லை காலும் ஓடுவதில்லை. ஆனாலும் ஊரில் மற்றவர்கள் இந்தக் கதையைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், மொச்சை எங்களுடைய நல்ல காலத்துக்குத்தான் வந்தது என்றும் அதற்குப் பிறகுதான் நம் ஊருக்கு ஒரு மரியாதை ஏற்பட்டது என்றும் வெற்றிலையை மென்றுகொண்டே சொல்கிறார்கள், அப்போது வரும் குமட்டலைவிடத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் சின்னதுதான்.

தை மாதத்தில் ஒருநாள் விடிந்தபோது ஊர்க் குட்டையில் அது கிடந்தது. தண்ணீர் வற்றிப் பாளம் பாளமாக வெடித்த குட்டையில், ஒரு கல்யாண மண்டபத்தின் அளவுக்கு, மொச்சைப் பருப்பு வடிவத்தில், அடைகாக்கும் கோழியின் வயிறு மாதிரி வெதுவெதுப்பாக, லேசாக உப்பியும் ஒடுங்கியும் கிடந்த அதைப் பார்த்து எங்கள் ஊரில் ஒருவர்கூட வாயைப் பிளக்கவில்லை. குட்டை யார் பட்டாவில் வருகிறது என்று ஒருவர் கேட்டார், இதிலிருந்து தறிக்குக் கரண்ட் இழுக்க முடியுமா என்று இன்னொருவர் கேட்டார், இரண்டுக்கும் பதில் தெரியாததால் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மொச்சை என்று பெயர் வைத்ததோடு அவர்களுடைய ஆச்சரியம் முடிந்தது. வானமே இடிந்து விழுந்தாலும் தறி ஓடுமா ஓடாதா என்று கேட்டுவிட்டு நகர்ந்துபோகிற ஊர் எங்கள் ஊத்தாங்காடு.

மொச்சை வந்து இறங்கிய நேரத்தில் குட்டையில் ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டிக்கொடுத்தும் அதில் விறகையும் உடைந்த கட்டிலையும் போட்டுப் பூட்டிவிட்டு, விடிவதற்குள் குட்டைக்குப் போய்க் குந்துவதையே ஆண்மை என்று நினைக்கிற கூட்டம் அது. என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவும் அதில் ஒருவர். எங்கள் கழிப்பறையில் அவர் ஓடாத ஸ்கூட்டர் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார், அது மழையில் நனையக்கூடாதாம். அன்றைக்குக் குந்தியிருந்த அத்தனை பேரையும் உள்ளே வைத்து மொச்சை மூடிக்கொண்டது. தோலைத் தட்டிக் கூப்பிட்டால் குரல் வந்தது, ஆள் வரவில்லை.

நானும் போய்த் தட்டினேன். "ஏனுங், இருக்கறீங்களா?"

"இருக்கறேன், இருக்கறேன். கதகதன்னு நல்லாத்தான் இருக்குது. சோத்துக்கு என்ன பண்ணப்போற?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனிதர் என்னைக் கேட்ட ஒரே கேள்வி அதுதான், தோலுக்கு உள்ளே போயும் அதையே கேட்டார்.

மேல்நிலைப்பள்ளியில் விலங்கியல் எடுக்கும் எஸ்தர் டீச்சரைக் கூட்டிவந்து பிள்ளையார் கோயில் திடலில் மைக்கைக் கொடுத்தார்கள். டீச்சர் நல்லவர், எதைக் கேட்டாலும் சரியாகச் சொல்வார், சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்; அவர் சொன்ன எதுவும் தப்பாகவும் இருந்ததில்லை, யாருக்கும் உதவியதும் இல்லை.

"இது மைட்டோகாண்ட்ரியாங்க," என்றார் டீச்சர். "ஆடு, மாடு, காக்கா, நீங்க, நானு, எல்லாத்து உடம்புலயும் செல்லுக்குச் செல் இருக்குது. கண்ணுக்குத் தெரியாது. உடம்புக்குத் தெம்பு பண்றதே இதுதான். இது ஒண்ணு மட்டும் எப்படியோ பெருசா வந்திருச்சு."

விசைத்தறிச் சங்கத் தலைவர் குப்புராஜ் நாற்காலியில் இருந்து எழுந்தார். "ஏனுங் டீச்சர், என்ற உடம்புலயுமா இருக்குது?"

"உங்க உடம்புலயுந்தானுங்."

"அப்பறம் ஏனுங் மாடி ஏறுனா எனக்கு இப்படி மூச்சு வாங்குது?"

கூட்டம் சிரித்தது. தலைவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

டீச்சர் தொடர்ந்தார். மொச்சைக்கு இரண்டு தோல். வெளித்தோலில் சல்லடை மாதிரி ஓட்டை, சின்னதாக இருக்கிற எதுவும் போகலாம் வரலாம். உள்தோல் அப்படியில்லை, அதிலே வாசல்கள் உண்டு, ஒவ்வொரு வாசலுக்கும் ஒரே ஒரு சங்கதிதான் தெரியும், தனக்குத் தெரிந்ததைத் தவிர வேறு எதையும் விடாது. பெரிய வாசலுக்கு இன்னொரு குணம் உண்டு. "களைச்சுப் போனது ஒண்ணு உள்ள போகோணும், தெம்பானது ஒண்ணு வெளிய வரோணும். ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கும். ஒண்ணு போகாம ஒண்ணு வராதுங்க."

இதைக் கேட்டதும் குப்புராஜ் தொடையில் தட்டினார். "அட, இது நம்ம தறிக்கார மொறையல்லோ!"

அவர் அப்படிச் சொன்னதில்தான் எல்லாக் கேடும் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் ஷிப்ட் மாறும்போது தறியை நிறுத்துவதில்லை. வீட்டுக்குப் போகிறவன் தன் கையைத் தறியிலிருந்து எடுக்கவேண்டுமென்றால் வருகிறவன் கை தறிமேல் வந்து விழவேண்டும், காய்ச்சலாக இருந்தாலும் சரி, வீட்டில் பெண்டாட்டி பிரசவ வலியில் துடித்தாலும் சரி, கை வராமல் கை எடுக்கக்கூடாது, வந்த கை யாருடையது என்று தறிக்காரர் பார்க்கவும் மாட்டார். மொச்சையின் வாசலும் அப்படித்தான் இருக்கிறது என்று கேட்டவுடனே எங்கள் ஊர்க்காரர்கள் அதைத் தங்கள் சொந்தக்காரனைப் போலப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வேறு ஊராக இருந்தால் உள்ளே இருக்கிறவர்களை எப்படி மீட்பது என்று யோசித்திருப்பார்கள், இவர்கள் ஷிப்ட் போட்டார்கள்.

இரட்டை ஷிப்ட் ஓட்டிவிட்டு நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்த ஒருவனைப் பிடித்து முதலில் வாசலில் தள்ளினார்கள். அவன் உள்ளே வழுக்கிப் போன அதே நொடியில், குட்டையில் குந்தப்போய் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவன் வெளியே வந்து விழுந்தான், எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் மாதிரி முகம் மின்ன, கால் தரையில் நிற்காமல். அவனை அப்படியே கூட்டிப்போய்ப் போனவனுடைய தறியில் நிறுத்தினார்கள். பொழுதுக்கும் உட்காராமல், கொட்டாவி விடாமல், பாட்டுப் பாடிக்கொண்டே தறி ஓட்டினான். சாயங்காலம் போனவனுடைய பெண்டாட்டி சோற்றுத்தூக்கோடு பட்டறைக்கு வந்து, "என்ற ஊட்டுக்காரரு எங்கீங்?" என்று கேட்டதற்கு, "அதோ நிக்கறானே, அவந்தான் இன்னைக்கு," என்று குப்புராஜ் கையைக் காட்டினார். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தூக்கைத் திறந்து சோறு போட்டாள். அவளைச் சொல்லி என்ன, ஊரே அப்படித்தான் தூக்கைத் திறந்தது.

அதன்பிறகு எங்கள் ஊரில் தூங்குவது கேவலமானது. களைத்தவன் மொச்சைக்குள் போனான், நிறைந்தவன் வெளியே வந்தான், வந்தவன் போனவனுடைய தறிக்கும் வீட்டுக்கும் போனான், அவன் களைத்ததும் மறுபடியும் உள்ளே போக வேறொருவன் வெளியே வந்தான். எத்தனை பேர் முதல்நாள் உள்ளே இருந்தார்களோ அத்தனை பேர் எப்போதும் உள்ளே இருந்தார்கள், யார் என்பதுதான் மாறிக்கொண்டே இருந்தது, அதை எங்கள் ஊரில் ஒரு மாற்றமாகவே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் காலையில் ஒருவரையும் சாயங்காலம் இன்னொருவரையும் அப்பா என்று கூப்பிட்டுப் பழகிக்கொண்டன. பாய் தலையணை விற்றவர் கடையை மூடிவிட்டுப் பம்ப்செட் ரிப்பேர் கடை வைத்தார்.

மொச்சைக்குத் தீனி வேண்டும் என்றார் டீச்சர். ஊர் வெல்ல உருண்டைகளைக் கொண்டுபோய்க் கொட்டியது, மொச்சை வாங்கவில்லை. முழுதாகக் கொடுத்தால் வாங்காது, வெளியிலேயே உடைத்துப் பாதியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னபிறகு, அதற்கு ஒரு பூசை வைத்து, உரலில் உடைத்து, உடைத்தவர் பெயரை மைக்கில் வாசித்தார்கள். வெல்லத்தோடு எண்ணெயும் அதற்குத் தீனிதான் என்றார் டீச்சர், ஆனால் எண்ணெய்க்கு இந்த உடைப்பும் பூசையும் போதவில்லை. எண்ணெய் வெளித்தோலைத் தாண்டும், உள்தோலில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும், யாராவது அதை அணைத்துக் கூட்டிப்போனால்தான் எண்ணெய் வாசல் திறக்கும். கூட்டிப்போகிறவள் உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வெறுங்கையோடு அதே வாசலில் வரவேண்டும், அவள் வரும்போதுதான் அடுத்தவள் எண்ணெயோடு உள்ளே போகலாம். தறிக்குக் கண் போதாத பொம்பளைகளைத் தேடி இந்த வேலைக்கு வைத்தார்கள். அப்படித்தான் நானும் மொச்சைக்குள் போய்வருகிறவள் ஆனேன்.

இரண்டு தோலுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. எலுமிச்சையைப் பிழிந்து பிழிந்து ஊற்றியது போல அங்கே ஒரே புளிப்பு, மூச்சை இழுத்தாலே பல் கூசும், கண்ணில் தண்ணீர் வரும். எண்ணெய் டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தச் சந்தில் நின்றால், எதிரே வெறுங்கையோடு வருகிறவள், "உள்ள எச்சாக் கூட்டமுங் அக்கா, பாத்துப் போங்," என்று சொல்லிவிட்டுப் போவாள். உள்ளே உள்தோல் பட்டுச்சேலைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக விழுந்து கிடந்தது, மடிப்புக்கு மடிப்பு சக்கரங்கள். நாங்கள் கொடுத்த வெல்லமும் எண்ணெயும் உள்ளே எரிய எரிய, அந்தச் சூட்டின் பலத்தில் உள்தோல் புளிப்பைச் சந்துக்குள் இறைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது, தள்ளப்பட்ட புளிப்புக்குத் திரும்ப உள்ளே வரச் சக்கரத்தைத் தவிர வேறு வழி கிடையாது, அது வருகிற வேகத்தில் சக்கரங்கள் மாவுமில் கல்லைப் போலச் சுற்றின, சுற்றும் சக்கரத்தில் களைத்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து நிறைந்து எழுந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததால் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரரை அங்கேதான் பார்த்தேன். ஒரு மடிப்பில் சாய்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங், வெளிய வர்றதாட்ட யோசனை இல்லீங்களா?"

"மொற வந்தா வருவேன். நீ என்னத்துக்கு இங்க வந்து மூச்சு வாங்கற? டின்ன எறக்கி வெச்சுட்டுப் போ."

"வினோதினி உங்களக் கேட்டுட்டே இருக்குதுங்."

"யாரு, நம்ம புள்ளையா? நல்லாருக்குதா? செரி செரி."

நிறைந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசினார்கள். யாரையும் மறந்துபோவதில்லை, பெயர் சொன்னால் தெரியும், முகம் பார்த்தால் சிரிப்பார்கள், ஆனால் யாரும் அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. உடம்பு முழுக்கத் தெம்பு இருக்கிறவனுக்கு எந்த வீடாக இருந்தால் என்ன.

முறை வந்து அவர் வெளியே வந்தார், எங்கள் வீட்டுக்கு அல்ல. பொங்கியண்ணன் என்பவர் உள்ளே போன நேரத்தில் இவர் வந்ததால், பொங்கியண்ணன் வீட்டுக்குப் போனார், பொங்கியண்ணனின் மனைவி பெயர் பரிமளா. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் பரிமளாவின் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து போய்க்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கொத்தமல்லிக் கட்டைக்கூடத் தூக்கிவராத மனிதர்.

"பையெல்லாம் தூக்கறீங்?" என்றேன்.

"தெம்பு இருக்குதல்ல, அதான்," என்றார். பரிமளா என்னைப் பார்த்து, "கத்தரிக்கா நல்லாருக்குதுங் அக்கா, வாங்கிக்கங்," என்றாள்.

குப்புராஜிடம் போய் நின்றேன். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் ஆள் வருகிறது, என் வீட்டில் மட்டும் ஆளே இல்லை என்று நான் முறையிட்டதாக அவர் புரிந்துகொண்டார். அடுத்து வெளியே வந்தவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார், அன்றைக்கு உள்ளே போனவன் வீடுவாசல் இல்லாத ஒண்டிக்கட்டை என்பதால் இந்தச் சலுகையாம். வந்தவர் யார் என்றால் பொங்கியண்ணன்.

அவர் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே நான், "வாங்க அண்ணா, உக்காருங்க அண்ணா," என்றேன். அண்ணா என்று கூப்பிட்ட வாயால் வேறு எதுவும் ஆகாது என்பது எங்கள் ஊரில் எவ்வளவு கெட்டுப்போனவனுக்கும் தெரியும். அவர் தெம்பு தாங்காமல் தண்ணீர்க் குடமெல்லாம் நிரப்பினார், விறகெல்லாம் பிளந்தார், கழிப்பறையிலிருந்த ஸ்கூட்டரைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார்.

மறுபடி சங்கத்துக்குப் போனேன். "தலைவரே, பொங்கியண்ணன் எங்கூட்டுல இருக்கறாரு, எங்கூட்டுக்காரரு பொங்கியண்ணன் ஊட்டுல இருக்கறாரு. ரெண்டு பேரும் தெருவுல நடந்து எடம் மாறிக்கிட்டாத் தீந்துதுங்களே?"

குப்புராஜ் என்னைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "ஏம்மா சொர்ணாத்தா, உனக்கு ஒருத்திக்கு மாத்துனா எல்லாருக்கும் மாத்தோணும். அப்பறம் மொற என்னாகறது? உனக்கென்ன, ஆளு இருக்குது, தண்ணி வருது, வெறகு பொளந்திருக்குது. சும்மா வெசனப்படாம போ."

சரி, அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்துத் தாலுகா ஆபீசுக்குப் போய் அழுதேன். வட்டாட்சியர் பெரிய ஆள், உடம்பிலும் பெரிய ஆள், பெயருக்கு முன்னால் பதவியும் பதவிக்கு முன்னால் இன்னொரு பதவியுமாக நீண்டுகொண்டே போவார். ஜீப்பில் வந்து இறங்கி, உள்ளே போய்ப் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது என்றார். வெளித்தோல் ஓட்டையில் அவர் உடம்பு நுழையவில்லை. பெரிய ஆட்களுக்குத் தனி வாசல் இருக்கிறது, முன்னால் ஒட்டியிருக்கும் பதவியைக் காட்டினால் அது அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் உடம்பை மடித்த மடிப்பெல்லாம் பிரித்து நூலாக நீட்டினால்தான் உள்ளே விடும் என்று எஸ்தர் டீச்சர் சொன்னார். வட்டாட்சியர் பதவியைச் சொன்னார். வாசல் திறந்தது. தொப்பை பிரிந்தது, தோள் பிரிந்தது, அதட்டல் பிரிந்தது, பழைய ஸ்வெட்டரின் இழையை உருவுவது போல அவர் ஒரே நூலாக உள்ளே போய்க்கொண்டே இருந்தார், ஊர் வரிசையாக நின்று கைதட்டியது. நான் எண்ணெய் டின்னோடு உள்ளே போனபோது பார்த்தேன், எந்தப் பதவியைப் பார்த்து வாசல் திறந்ததோ அதைத்தான் மொச்சை முதல் வேலையாகக் கத்தரித்துக் கீழே போட்டிருந்தது. மிச்சம் இருந்ததைச் சின்னதாக வேறு மாதிரி மடித்து ஒரு சக்கரத்தின் அச்சில் செருகிவிட்டது. அங்கே அவர் சத்தம் இல்லாமல் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு எந்த ஆபீசிலிருந்தும் யாரும் எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை. கேட்க ஆள் இல்லை என்றானதும் குப்புராஜுக்குத் தைரியம் வந்துவிட்டது. தறிக்காரர்கள் தூங்காமல் ஓட்டுகிறார்கள், தார் சுற்றுகிற பெண்பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள், நூல் போதவில்லை, ஆகவே இனிமேல் பெண்பிள்ளைகளுக்கும் முறை உண்டு என்று திடலில் மைக் வைத்துச் சொன்னார். கைதட்டினார்கள். பெண் பிள்ளைகளுக்கும் சம உரிமை கிடைத்துவிட்டது என்று ஒருவர் பேசினார். சில நாளிலேயே பெண்பிள்ளைகளும் உள்ளே போவதும் வருவதுமாக ஆனார்கள், ஒருநாள் என் மகளுடைய முறையும் வந்தது.

என் மகள் வினோதினி தார் சுற்றுகிறவள். நான் விட்ட இடத்தில் உட்கார்ந்தவள். அறுந்த நூலை அவள் முடிகிற வேகத்துக்கும் சிக்கு விழுந்த முடிச்சை அவிழ்க்கிற வேகத்துக்கும் பட்டறையில் ஈடு கிடையாது. அவள் பயப்படுவாள், அழுவாள், நாம் தைரியம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குக் காலைல என்ற மொறையும்மா," என்றாள்.

"போகாத கண்ணு."

"ஏன் போகக்கூடாது? எனக்கு எப்பப் பாத்தாலும் அசதி. கண்ணு எரியுது. காலு வீங்குது. போயிட்டு வந்த புள்ளைங்களப் பாத்தியா, மொகமே ஜொலிக்குது."

"வந்தா எந்த ஊட்டுக்கு வருவ, அதச் சொல்லு."

"எந்த ஊடா இருந்தா என்ன? சோறு போடாமயா இருப்பாங்க?"

"எனக்கு யாரு வருவா?"

"யாராச்சும் வருவாங்க. ஒரு புள்ள போனா ஒரு புள்ள வருமல்ல." ஜடையைப் பின்னால் எறிந்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "சும்மா வெசனப்படாதம்மா. நீ எதுக்குத்தான் வெசனப்படாம இருந்திருக்க?"

அவள் சொன்னது உண்மை. மழை வந்தாலும் வராவிட்டாலும் நான் பயந்திருக்கிறேன், அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடியிருக்கிறேன், அவளுக்குச் சாதாரணச் சளி பிடித்ததற்குச் சாமியாடியிடம் போயிருக்கிறேன். இத்தனை பயத்துக்கு நடுவில் ஒருநாள் உண்மையான பயம் வரும்போது யாரும் நம்பமாட்டார்கள் என்பதற்கு மட்டும் நான் பயப்படாமல் விட்டுவிட்டேன். அவள் உள்ளே போவாள், நிறைவாள், வேறு எவளோ ஒருத்தியின் வீட்டுக்குப் போய்ச் சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள், சந்தையில் என்னைப் பார்த்தால் கத்தரிக்காய் நன்றாக இருக்கிறது என்று சொல்லுவாள், அவளுக்கு ஒரு குறையும் இருக்காது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. செத்துப்போனால் அழலாம். குறையே இல்லாமல் போய்விட்டவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் காலையில் மொச்சைக்கு முன்னால் கூட்டம். உள்ளே போகிற பெண்களுக்கு மஞ்சள் குங்குமம் கொடுத்தார்கள், நாதஸ்வரக்காரர் ஒருவரையும் கூட்டிவந்திருந்தார்கள், சீரழிவுக்கும் மேளம் வைக்காவிட்டால் எங்கள் ஊருக்குத் திருப்தி கிடையாது. குப்புராஜ் மைக்கில் வினோதினியின் பெயரைச் சொன்னார். அந்தப் புளிப்புச் சந்து வழியாக அவளும் நானும் உள்தோல் வரை போனோம். அவள் ஷிப்ட் மாறுகிறவளைப் போலக் கையை நீட்டினாள். உள்தோலுக்கு அந்தப்பக்கம் ஒரு கை தெரிந்தது, மருதாணி வைத்த கை, வெளியே வர அவசரப்படுகிற கை, தோலின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தியது.

நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. வினோதினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

வாசல் திறக்கவில்லை.

"அம்மா, உடு."

நான் விடவில்லை. வாசல் அவளைத் தடவிப் பார்த்தது, என்னையும் தடவிப் பார்த்தது, இது என்னவென்றே தெரியாத மாதிரி சும்மா இருந்தது. வெளித்தோல் ஓட்டையில் தலையை விட்டுக் குப்புராஜ் கத்தினார். "என்னம்மா அங்க தாமசம்?"

அவருக்குப் பின்னால் எஸ்தர் டீச்சர் குரல் கேட்டது. "கூட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தா அந்த வாசலுக்கு அடையாளம் தெரியாதுங்க தலைவரே. தனியா இருக்கறதத்தான் அது எடுத்துக்கும். பாடத்துலயே இருக்குது."

"பாடம் இருக்கட்டும், கைய உடச் சொல்லுங்க!"

"கைய விட்டுருங்கம்மா," என்றார் டீச்சர், பாடத்தின் அடுத்த வரியைப் படிப்பது போல.

"அம்மா, வலிக்குது. எல்லாரும் பாக்கறாங்க. மானம் போகுது." வினோதினி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அவள் ஒன்றைப் பிரித்தால் நான் ஒன்றைப் போட்டேன். அந்தப்பக்கத்துக் கை தோலைத் தட்டிக்கொண்டே இருந்தது. அதுவும் யாரோ ஒருத்தியின் பிள்ளைதான், இத்தனை நாள் உள்ளே இருந்து தன் முறைக்குக் காத்திருந்தவள்தான், அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் பிடித்திருந்தேன். புளிப்பில் கண்ணெல்லாம் எரிந்தது, பல் கூசிற்று, குப்புராஜ் என் குலத்தை இழுத்துப் பேசினார், பரிமளா, "அந்தக்கா எப்பவுமே இப்படித்தானுங்," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கடைசியில் தாமதமாகிறதென்று எங்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு அடுத்த பெண்ணை விட்டார்கள். அவள் தனியாகப் போனாள், மருதாணிக் கைக்காரி வெளியே வந்து விழுந்து, மின்னுகிற முகத்தோடு, "எந்த ஊட்டுக்குங் போகோணும்?" என்று கேட்டாள்.

"நாளைக்கு உன்ற புள்ளதான் மொதல் மொற," என்றார் குப்புராஜ் என்னிடம். "நாளைக்கும் கையப் புடிச்சீன்னா, கையப் புடிக்கறதுக்கு ஆளுங்கள நா அனுப்பறேன்."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க வினோதினி என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள், வீட்டில் வந்து திட்டிக்கொண்டே சாப்பிட்டாள், திட்டிக்கொண்டே படுத்தாள், திட்டிக்கொண்டிருக்கும்போதே வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். ஜன்னல் வழியாக வெயில் அவள் காலில் விழுந்தது. எங்கள் ஊரில் ஒரு ஆள் பட்டப்பகலில் இப்படி அசந்து தூங்கி நான் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கொஞ்சநேரம் உட்கார்ந்து அதைப் பார்த்தேன், மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன்.

பிறகு அவள் சுற்றிக்கொண்டு வந்திருந்த தாரிலிருந்து நூலை உருவி, பல இழையாகத் திரித்து, அவள் இடதுகை மணிக்கட்டையும் என் வலதுகை மணிக்கட்டையும் சேர்த்துச் சுற்றினேன். வாயால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு இடதுகையால் முடிச்சுப் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, ஊரிலேயே முடிச்சு அவிழ்ப்பதில் பெரிய கைகாரிக்கு நான் முடிச்சுப் போட்டிருக்கிறேன், எழுந்த உடனே ஒற்றைக் கையால் அவிழ்த்துவிட்டுப் போய்விடுவாள். அப்புறம்தான் கவனித்தேன், அது பருத்தி இல்லை, பாலியஸ்டர் நூல். தீப்பெட்டியை முழங்காலுக்கு நடுவில் வைத்துக் குச்சியைக் கிழித்து முடிச்சில் காட்டினேன். முடிச்சு உருகியது, இழைகள் உருகின, சுற்றியதெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கண்ணாடி மாதிரி இறுகியது, அவிழ்ப்பதற்கு அதில் எதுவும் மிச்சம் இல்லை. சுட்டது, இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் சுட்டது, அவள் அலறிக்கொண்டு எழுந்து என் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கி ஓடினாள், நானும் கூடவே ஓடினேன்.